மதிப்பெண் சரி, எந்தப் பதிப்புக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ஒரு ரசிகர் ஆல்டர்நேட்டிவ் ராக், மெட்டல் ஆல்பங்களுக்குத் தான் போட்ட மதிப்பெண்களைப் பட்டியலாகத் தந்திருந்தார். இந்த இசைக்குத் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. எந்த ஆல்பத்துக்கு எத்தனை என்பதில் சண்டை போட இதை எழுதவில்லை. ரசனை அவரவர் பாடு. ஆனால் 8.5, 7.2 என்று எண்ணை மட்டும் நிறுத்திவிட்டால் அது எதை அளந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. முழமா, அடியா என்று சொல்லாமல் 'ஆறு' என்று மட்டும் சொன்னால் என்ன உயரம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

முதல் சிக்கல் பதிப்பு. பட்டியலில் ஓரிடத்தில்கூட அது இல்லை. ஆஸி ஆஸ்பர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' 1980-ல் வந்தது. 2002-ல் வந்த மறுபதிப்பில் பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். ஆல்பத்தின் பெயர் அதே, ராண்டி ரோட்ஸின் கிட்டார் அதே, பாடும் குரலும் அதே. அடித்தளம் மட்டும் ஆள் மாறிப்போனது. அடுத்து வந்த 'டயரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பத்துக்கும் இதே கதிதான். 2011 மறுபதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. ஆக, 'பிளிஸார்டுக்கு 9' என்று ஒருவர் எழுதினால், டெய்ஸ்லிக்கு 9-ஆ, ட்ருஹியோவுக்கு 9-ஆ?

இது ஒன்று மட்டும் விதிவிலக்கல்ல. மெகாடெத்தின் 'ரஸ்ட் இன் பீஸ்' (1990) ஆல்பத்தை 2004-ல் மறுபடி மிக்ஸ் செய்தபோது (மிக்ஸ் என்றால் என்ன என்பது கீழே) சில இடங்களில் குரலைப் புதிதாகப் பாடிச் சேர்த்தார்கள். டெஃப்டோன்ஸின் 'ஒயிட் போனி' 2000-ல் 11 பாடல்களோடு வந்தது. அதே ஆண்டிலேயே வந்த மறுபதிப்பில் புதுப் பாடல் ஒன்று முதல் இடத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒரு ஆல்பம் எப்படித் தொடங்குகிறது என்பது அதன் பாதி குணம். தொடக்கம் மாறினால் அதை வேறு ஆல்பமாகவே எண்ண வேண்டும். பேர்ல் ஜாமின் 'டென்' (1991) 2009-ல் பிரெண்டன் ஓ'பிரையன் செய்த புது மிக்ஸோடும் கிடைக்கிறது. பழைய மிக்ஸில் எல்லாவற்றையும் மூடிக் கிடந்த எதிரொலி அதில் பெருமளவு வடிந்துவிட்டது. பழையதுதான் பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை. எதைக் கேட்டோம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற இரண்டு சொற்களையும் பலர் ஒன்றாகவே புழங்குகிறார்கள். மிக்ஸ் என்பது டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனி டிராக்காக இருக்கும்போது எதை எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்று முடிவுசெய்யும் வேலை. மாஸ்டரிங் என்பது, கலந்து முடிந்த இரண்டு சேனலை மொத்தமாகச் செப்பனிடுவது. சாம்பார் கொதித்து இறக்கிய பிறகு உப்பு சேர்க்கலாம், போட்ட பருப்பைக் குறைக்க முடியாது என்பது போல. மெட்டாலிக்காவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஜேசன் நியூஸ்டெட் அந்தக் குழுவோடு வாசித்த முதல் முழு ஆல்பம் அது. அவருடைய பேஸ் கிட்டார் காதில் விழவே விழாது. பேஸ் பெரும்பாலும் ரிதம் கிட்டாரின் அதே ரிஃபைத்தான் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு) பின்தொடர்கிறது. ரிதம் கிட்டாரின் ஒலியிலேயே கீழ்ப்பகுதி நிறைந்து கிடக்கிறது. போதாததற்கு மிக்ஸில் பேஸை வேறு இறக்கிவிட்டார்கள். 2018-ல் வந்தது ரீமாஸ்டர்தான், ரீமிக்ஸ் இல்லை. அதனால் பேஸ் அதிலும் எழுந்து வரவில்லை. 'புதுப் பதிப்பில் பேஸ் நன்றாகக் கேட்கிறது' என்று யாராவது எழுதினால், ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) கீழ்ப்பகுதி ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். அங்கே கேட்பது பேஸ் டிரம்மும் கிட்டாரின் அடிப்பகுதியும்தான்.

அடுத்தது சத்தம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து சிடிகளைப் போட்டி போட்டுக்கொண்டு சத்தமாக்கினார்கள். உச்சத்தை வெட்டி, மெல்லிய இடங்களைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' (2008) இதன் உச்சம். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டிலும் வந்தன. விளையாட்டில் ஸ்னேர் டிரம் மூச்சுவிட, காசு கொடுத்து வாங்கிய சிடியில் அது அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே ஒலி நசுங்கித்தான் இருந்தது என்று எழுதியதும் வெளியே வந்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' (1999) இன்னொன்று. ரஷ் குழு 'வேப்பர் டிரெய்ல்ஸ்' (2002) ஆல்பத்தை இந்தக் குறைக்காகவே 2013-ல் முழுக்க ரீமிக்ஸ் செய்து வெளியிட்டது.

தன் கையில் இருப்பது எப்படிப்பட்டது என்று சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாடலைத் திறக்க வேண்டும். அலைவடிவம் மேலும் கீழும் முள்முள்ளாகத் தெரிந்தால் நல்லது. செங்கல் வைத்தது போல ஒரே பட்டையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு 'வியூ' பட்டியலில் கிளிப்பிங்கை, அதாவது உச்ச வெட்டைக், காட்டும் தேர்வைப் போட்டால், உச்சத்தை முட்டிய இடங்கள் சிவப்புக் கோடாக விழும். ஒரு ஸ்னேர் அடிக்கு நேராகப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்து இறங்க வேண்டிய முகடு மேசைபோலத் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் சில இடங்களில் சத்தத்தை வெட்டிய பிறகு மொத்த அளவைக் கொஞ்சம் இறக்கியிருப்பார்கள். அப்போது சிவப்புக் கோடு விழாது, தட்டை மட்டும் இருக்கும். கண்ணால் பார்ப்பதே கடைசி வார்த்தை.

டிஆர் மீட்டர் என்று ஒரு கருவியும் உண்டு. பாடலை 3 விநாடித் துண்டுகளாக்கி, அதில் மிகச் சத்தமான 20 சதவீதத் துண்டுகளின் சராசரிக்கும் உச்சத்துக்கும் எத்தனை டெசிபல் இடைவெளி என்று சொல்லும். எண் குறையக் குறைய ஒலி அதிகம் நசுங்கியது என்று பொருள். 'டெத் மேக்னடிக்' சிடிக்கு 3 அளவில் வரும். இந்த எண்ணை வைத்து மட்டும் மதிப்பெண் குறைப்பது வேறு ஒரு தவறு. அதிலும் எல்பி தட்டிலிருந்து எடுத்த ஒலிக்கு, சிடியின் அதே மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டதாக இருந்தாலும், மீட்டர் 3, 4 எண் கூட்டிக் காட்டுவது சகஜம். ஊசியும் தட்டும் அலையின் வடிவத்தைக் கொஞ்சம் கலைப்பதால் உச்சங்கள் உயர்ந்து தெரியும். வெட்டுப்பட்ட ஒலி அதனால் திரும்பி வந்துவிடாது. 'எல்பியில் டிஆர் 11, ஆகவே 1 மதிப்பெண் கூடுதல்' என்ற வாதம் இதனால்தான் நிற்பதில்லை.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடுகிறவர் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ரீப்ளேகெய்ன் போன்ற வசதி இருந்தால் டிராக் முறையில் வைக்காமல் ஆல்பம் முறையில் வைக்க வேண்டும். டிராக் முறையில் வைத்தால் ஒரு நிமிட அக்கூஸ்டிக் முன்னுரையும் அதன் பின் இடிபோல் இறங்கும் பாடலும் ஒரே அளவில் ஒலிக்கும். அந்த இரண்டுக்கும் இடையிலான குதிப்புக்காகத்தானே அந்த முன்னுரையையே வைத்தார்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. கிட்டாரின் வழக்கமான கீழ்க்கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி 41. மெஷுகா என்ற மெட்டல் குழுவின் எட்டுக்கம்பிக் கிட்டார்கள் 44 ஹெர்ட்ஸ் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட பேஸின் இடத்துக்கே இறங்குகின்றன. கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதில் கேட்டுவிட்டு 'ரிஃப் மெலிந்து கிடக்கிறது' என்று 5 போட்டால், அந்த 5 ஸ்பீக்கருக்குப் போட்டது. சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் சிம்பல் ஓசை தண்ணீரில் சலசலப்பது போல ஆகும். 256, 320 என்று போனால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். ஒரே அமர்வில் நான்கு ஆல்பம் சத்தமாகக் கேட்டால் காது களைத்துப்போகும். நான்காவது ஆல்பம் செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கும்.

இனி கணக்கு. பட்டியல் தந்தவர் ஒவ்வொரு பாடலுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, பாடல் எண்ணிக்கையால் வகுத்ததாக முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார். நேர்மையான வழிதான், ஆனால் இந்த இசையில் அது சறுக்கும். டூல் குழுவின் 'ஏனிமா' (1996) ஆல்பத்தில் 15 டிராக். அதில் 6 வெறும் இடைத்துண்டுகள்: தொலைபேசிக் குரல், ஆர்கன் இசை, அழுகை, மின்னோசை. 9 முழுப் பாடலுக்கும் தலா 9 மதிப்பெண், இடைத்துண்டுகளுக்குத் தலா 5 என்று வைத்துக்கொள்வோம். 81-உம் 30-உம் 111. பதினைந்தால் வகுத்தால் 7.4. ஆனால் 77 நிமிட ஆல்பத்தில் அந்த ஆறும் சேர்ந்து சுமார் 11 நிமிடம்தான். நேரத்தைக் கொண்டு எடைபோட்டால் 66 நிமிடத்துக்கு 9, 11 நிமிடத்துக்கு 5, கிடைப்பது 8.4. ஒரே காது, ஒரே ரசனை, ஒரு முழு மதிப்பெண் வித்தியாசம்.

அப்படியானால் எப்போதும் நேரத்தால் எடைபோடலாமா? அதுவும் சறுக்கும். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' (1991) சிடியின் பல பதிப்புகளில் கடைசிப் பாடல் முடிந்ததும் ஏறக்குறைய 10 நிமிட மௌனம். அதற்கப்புறம் ஒளித்துவைத்த ஒரு பாடல். சிடியைப் பொறுத்தவரை எல்லாம் சேர்ந்து 12-ஆம் டிராக், 20 நிமிடத்துக்கு மேல். ஆல்பத்தின் மூன்றில் ஒரு பங்கு எடை அந்த ஒரு டிராக்குக்குப் போய்விடும், அதில் பாதி வெற்று மௌனம். முதலில் அச்சான சிடிகளில் அந்த ஒளிந்த பாடல் விட்டுப்போனதும் உண்டு. நேபாம் டெத்தின் 'ஸ்கம்' (1987) இன்னும் வேடிக்கை. 28 டிராக், மொத்தமே சுமார் 33 நிமிடம். அதில் ஒரு பாடல் ஒரு விநாடியைச் சற்றே தாண்டும். தும்மினால் தவறவிட்டுவிடலாம். எண்ணிக்கையால் வகுத்தால் அந்தத் தும்மலுக்கும் 28-ல் ஒரு பங்கு. நேரத்தால் வகுத்தால் அதற்கு எடையே இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் முதலில் பேசுவது அந்த ஒரு விநாடியைத்தான்.

சராசரி மறைக்கும் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஆல்பத்தின் பத்துப் பாடல்கள் 9, 9, 8, 8, 8, 7, 7, 6, 4, 4. இன்னொன்றில் பத்துமே 7. இரண்டுக்கும் சராசரி 7.0. முதலாவதை ஆயுளுக்கும் திரும்பத் திரும்பக் கேட்போம், இரண்டாவது அலமாரியில் தூசி படியும். என் பரிந்துரை: ஆல்பம் முடிந்ததும், பாடல்வாரியாகப் போவதற்கு முன்பே, மொத்தத்துக்கு ஒரு எண்ணைக் குறித்துவிட வேண்டும். பிறகு பாடல்களுக்குப் போட்டுச் சராசரி எடுக்கலாம். இரண்டுக்கும் 1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேதான் எழுத வேண்டிய விஷயம் இருக்கிறது. பாடல் வரிசை நன்றாக அமைந்ததா, பலவீனமானவை எல்லாம் கடைசியில் குவிந்தனவா, இடைத்துண்டுகள் வேலை செய்தனவா என்று. மெஷுகாவின் 'கேட்ச் தர்ட்டித்ரீ' (2005) போன்றவற்றுக்குப் பாடல்வாரி மதிப்பெண்ணே பொருந்தாது. 13 டிராக்காகப் பிரித்திருந்தாலும் அது 47 நிமிட ஒரே உருப்படி. வரிசையைக் கலைத்து ஷஃபிளில் போட்டாலும், டிராக்குகளுக்கு நடுவே அரை விநாடி இடைவெளி விடும் கருவியில் போட்டாலும் அது உடையும்.

மெஷுகாவுக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் 'தாளமே நிற்கவில்லை' என்கிறார்கள். நிற்கிறது, தேடும் இடம்தான் தவறு. கிட்டாரை விட்டுவிட்டு, சீராக விழும் சிம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு நான்கு நான்காக எண்ண வேண்டும். பெரும்பாலான இடங்களில் மூன்றாம் எண்ணிக்கையில் ஸ்னேர் விழும். ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுத் தாளச் சுற்றுக்கு, 16 மாத்திரை என்று கொள்வோம். கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் சொற்கட்டு, உதாரணத்துக்கு, 17 மாத்திரை. ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு மாத்திரை தள்ளித் தள்ளி விழும். எட்டு ஆவர்த்தனத்தில் 128 மாத்திரை. பதினேழின் ஏழு சுற்று 119. மீதி 9 மாத்திரையில் சொற்கட்டைப் பாதியில் வெட்டிவிட்டு, எல்லோரும் ஒன்றாகச் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து இறங்குவார்கள். கணக்கு வைத்துத் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதே அல்ல. இதை ஒருமுறை பிடித்துவிட்டால் 5 போட்டவர் 8 போடக்கூடும். பிடித்த பிறகும் 5 போடலாம், அது நியாயமான 5. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். டூலின் 'லேட்டரலஸ்' (2001) தலைப்புப் பாடலில் 9, 8, 7 என்று மாத்திரை மாறி வருவதும், 987 ஃபிபொனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்த எண் வரும் வரிசை) ஒரு எண் என்பதும், பாடும் அசைகள் அந்த வரிசையிலேயே அமைந்திருப்பதும் பிரசித்தம். கணக்கு இருக்கிறது என்பதற்காக அரை மதிப்பெண் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர். கணக்குத் தெரியாமலே அந்தப் பாடல் தூக்கி நிறுத்துகிறதா என்பதுதான் கேள்வி. நிறுத்துகிறது என்பது என் கட்சி.

ஒரே அளவுகோலை எல்லா வகைக்கும் நீட்டுவதும் பட்டியலில் தெரிகிறது. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) 10 பாடல், 29 நிமிடம். ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாடல், 63 நிமிடம். முன்னதை 'சிறியது' என்றும் பின்னதை 'இழுவை' என்றும் குறைப்பது இரண்டையும் கேட்காததற்குச் சமம். ஒலிப்பதிவுத் தரமும் அப்படியே. டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' (1994) நான்கு டிராக் கருவியில் பதிவானது. கரகரப்பும் மங்கலும் அங்கே வேண்டுமென்றே வைத்தவை. அதே கரகரப்பு ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பத்தில் இருந்திருந்தால் கோளாறு. அங்கே உறுமலுக்கும் மென்குரலுக்கும் நடுவே இருக்கும் வெளிச்சம்தான் ஆல்பமே. பிக்ஸீஸ் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். 'சர்ஃபர் ரோசா' (1988) ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்தது, டிரம்ஸ் அடிக்கும் அறையே காதில் விழும். 'டூலிட்டில்' (1989) கில் நார்ட்டன் தயாரிப்பு, அறை மறைந்து பாட்டு முன்னே வரும். இரண்டுக்கும் ஒலிப்பதிவில் 9 போடலாம், வெவ்வேறு காரணங்களுக்காக.

அளவுகோலை முன்கூட்டியே வார்த்தையில் எழுதி வைப்பது நல்லது. 5 என்றால் ஒலித்தால் கேட்கலாம், தேடிப் போகவேண்டாம். 7 என்றால் இந்த வகை பிடித்தவர் தவறவிடக் கூடாது. 9 என்றால் வகையே பிடிக்காதவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம். அவரவர் தேர்ந்தெடுத்துத்தான் கேட்கிறோம் என்பதால் பட்டியல் முழுக்க 7-க்கு மேலேயே நிற்பது இயல்பு. அதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிடலாம். பத்து நாளில் மூன்று முறை கேட்டு ஒரு எண். மூன்றாம் முறை பாடல்வரியைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு 30 நாள் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல், மறுபடி ஒன்று. இரண்டுக்கும் அரை மதிப்பெண் வித்தியாசம் வருகிறது என்றால் 8.3-க்கும் 8.4-க்கும் வேறுபாடு காட்டுவது வீண் வேலை; அரை அரையாகப் போட்டாலே போதும்.

நுணுக்கமாக வரிசைப்படுத்த ஆசைப்படுகிறவருக்குத் தசமத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 50 ஆல்பம் வரிசையாக நிற்கிறது, 51-வது வருகிறது. நடுவில் நிற்கும் 25-ஆவதோடு அதை ஒப்பிட்டு, 'இரண்டில் ஒன்றைத்தான் இன்று கேட்கலாம் என்றால் எது?' என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். புதியது வென்றால் மேல்பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு ஒப்பிட வேண்டும். ஆறே ஒப்பீட்டில் அதன் இடம் தெரிந்துவிடும்.

அடுத்த பட்டியலை வெளியிடும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா? இவ்வளவு இருந்தால் போதும்:

'...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்': 1988 சிடி. 4 முறை, கடைசி முறை 30 நாள் கழித்து, ஹெட்ஃபோனில். த்ராஷ் (வேகமான மெட்டல் வகை) அளவுகோல். இசையமைப்பு 9, ஒலிப்பதிவு 5, மொத்தம் 8.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்

பி.கு.: பிளாக் சப்பாத்தின் 'பாரனாய்ட்' வந்தது 1970-ல். பட்டியலில் அச்சாகியிருப்பது மறுபதிப்பின் ஆண்டு. ஸ்ட்ரீமிங் செயலிகள் பல நேரம் அதைத்தான் காட்டும். அங்கிருந்து எடுத்தால் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போடவும்.